வக்காவின் காலும் கரெக்‌ஷன் என்ட்ரியும்

பஃபின் என்று ஒரு கடல்பறவை உண்டு. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கிளி மாதிரி ஆரஞ்சு மூக்கு. வேல்ஸ் கரையோரம் ஸ்கோமர் என்ற தீவில் கோடைக்குக் கூட்டமாக வந்து இறங்கும். பின்னாலேயே கேமராக்காரர்களும் வந்து இறங்குவார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஆனால் வங்கியில் கிடைக்கிற லீவுக்கு ஸ்கோமராவது ஒன்றாவது! டாக்குரியாவில் குடியிருக்கிறேன், பொடிநடையாகப் போனால் ரவீந்திர சரோபர். இருப்பதை வைத்துப் பழகுவோம் என்று லேக் ஓரம் உட்கார்ந்திருக்கும் வக்காவைப் பிடித்துக்கொண்டேன். (ராத்திரியில் இரை தேடும் கொக்குதான் வக்கா. இங்கே நிஷி போக் என்கிறார்கள்.)

பஃபினில் இருக்கும் தலைவலி வக்காவிலும் உண்டு. உச்சந்தலையும் முதுகும் கறுப்பு, வயிறு வெளுப்பு. கேமராவின் மீட்டர் கண்ணில் படுவதையெல்லாம் சராசரி சாம்பல் ஆக்கப் பார்க்கும். இருட்டான தண்ணீருக்கு முன்னால் வக்கா நின்றால் வயிறு சுண்ணாம்பாக வெளுத்துவிடும். அப்போது எக்ஸ்போஷரைக் கொஞ்சம் மைனஸில் தள்ள வேண்டும். பறவையின் கண் உயரத்துக்கு நாமும் குனிய வேண்டும், அது பார்க்கும் பக்கம் கொஞ்சம் இடம் விட வேண்டும். கால் நாள் குப்புறப் படுத்தால் இதெல்லாம் வந்துவிடும். முட்டிதான் போகும் :-)

வராதது கலர். வெயில் சுமார் 5500 கெல்வின், மரநிழல் 7000-ஐத் தாண்டும். போதாததற்கு இலை வழியே வரும் வெளிச்சம் வெள்ளை இறகில் பச்சையைப் பூசிவிடும். அதனால் 'ரா'வில் எடுத்து, வீட்டில் கம்ப்யூட்டரில் சரி செய்வேன். இதில் தப்பே இல்லை. காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால் இது கரெக்‌ஷன் என்ட்ரி. கேமரா வெளிச்சத்தைத் தப்பாகப் பதிவு செய்தது, நான் கண்ணால் பார்த்ததற்கு நேர் செய்கிறேன். அவ்வளவுதான்.

பிரச்சனை அங்கே நிற்காததுதான். கை சும்மா இருக்காதே! பாசி பிடித்த தண்ணீரை நீலமாக்கினேன். மிதந்த தெர்மோகோல் தட்டை அழித்தேன். ஒரு ஜூன் மாதக் காலையில் எடுத்த வக்காவின் காலில் பிளாஸ்டிக் கயிறு சுற்றியிருந்தது. அதையும் அரைமணி நேரம் உட்கார்ந்து துடைத்து எடுத்தேன். தங்கமணியே "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டார். பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியாயிற்று.

எங்கள் மாடியில் ரிடையர்டு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் மாஸ்டர்மொஷாய். தினமும் லேக்கில் நடப்பவர். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கால் ஏன் மஞ்சளாக இருக்கிறது? அந்த வாரம் நான் பார்த்ததற்கெல்லாம் ரோஜா நிறமாக இருந்ததே" என்றார். தூக்கிவாரிப் போட்டது. இனப்பெருக்கக் காலத்தில் வக்காவின் மஞ்சள் கால் சிவந்துவிடும். அழகுக்காக நான் ஸ்லைடரைத் தள்ளியதில் அந்தத் தகவலே போய்விட்டது. பஃபினும் அப்படித்தான். அந்த ஆரஞ்சு மூக்கின் மேலோடு கோடை முடிந்ததும் உதிர்ந்துவிடும், முகமும் கறுத்துவிடும். பறவையின் கலர் வெறும் அலங்காரம் இல்லை, அது என்ன பருவத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் கணக்கு.

அடுத்து அவர் கேட்டதுதான் இன்னும் உறைக்கிறது. லேக்கின் நிலைமையைக் காட்டி மனு கொடுக்கப் படங்கள் சேர்க்கிறாராம். "குப்பையோடு பறவை இருக்கிற படம் உன்னிடம் நிறைய இருக்குமே?" என்றார். நானூறு படம் இருந்தது. குப்பை ஒன்றில்கூட இல்லை. இடம் அடைக்கிறது என்று ஒரிஜினல்களையும் அழித்திருந்தேன்.

இந்த லேக் சும்மா கிடைத்தது இல்லை. 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டியது. தண்ணீர் மட்டும் 73 ஏக்கர். 1958 வரை டாக்குரியா லேக் என்றுதான் பெயர். சுற்றிலும் கான்கிரீட் நிறைந்த தென் கல்கத்தாவில் பறவைக்கு ஒதுங்க இருக்கும் இடங்களில் ஒன்று. பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் இங்கே சத் பூஜைக்குத் தடை போட்டது. 2019-ல் கேட்டின் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படி வழக்கில் இருக்கும் ஓர் ஏரியைச் சொர்க்கம் மாதிரி காட்டும் படம் யார் பக்கம் சாட்சி சொல்கிறது, யோசித்துப் பாருங்கள்.

வங்கியில் இதற்கு ஒரு பெயர் உண்டு. மார்ச் 31-க்கு மட்டும் டெபாசிட்டை ஏற்றிக் காட்டினால் அது விண்டோ டிரெஸ்ஸிங். தொகை பொய் இல்லை, ஆனால் படிப்பவன் ஏமாறுவான்.

"ஃபிரேம் வைப்பதே தேர்ந்தெடுப்பதுதானே, எல்லாப் படமும் பாதிப் பொய்தான்" என்று நண்பர்கள் மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். எதைக் காட்டுவது என்பது என் உரிமை. காட்டுவதற்குள் இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை நீக்குவதும் வேறு. நம் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து ஒரு கேமரா செய்து, கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களை எடுத்தார். 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை இதே கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதினார். தள்ளுவதற்குக் கலர் ஸ்லைடரே இல்லாத படங்கள். இன்றைக்கும் மதிப்போடு நிற்கின்றன.

இப்போது எனக்கு நானே மூன்று விதி வைத்திருக்கிறேன். 'ரா' ஃபைல் வவுச்சர் மாதிரி, அழிக்கக் கூடாது. கலரை நினைவில் இருக்கும் இறகுக்கு நேர் செய்யலாம், ஆசைக்கு அல்ல. குப்பை பிடிக்காவிட்டால் நான் நகர்ந்து நின்று எடுக்கலாம், துடைக்கக் கூடாது. விழும் லைக்குகள் குறைந்துவிட்டன. பரவாயில்லை, மாஸ்டர்மொஷாயின் கவருக்குள் இப்போது என் படம் பதினொன்று இருக்கிறது.

டிஸ்கி: காலில் கயிறோடு இருந்த வக்கா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றைக்கு நான் படத்தைப் பார்த்தேனே தவிர, அதைப் பார்க்கவில்லை.