முதலில் பார்க்கிறவரிடம் யார் கேட்கிறார்கள்?

தோழர்களே, வன்கொடுமை வழக்குகள், பஞ்சமி நிலம், விடுதி மாணவர்களின் உதவித்தொகை என்று நம் கையில் இருக்கும் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. இதற்கு நடுவில் ஒரு சிப்பியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். சூழலியல் என்பது காலை நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களின் கவலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்பால் நட்டம் நமக்குத்தான் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

வெளியிடத்திலிருந்து வந்து பரவி, ஏற்கெனவே அங்கே வாழும் உயிர்களை நசுக்கும் செடியையும் பூச்சியையும் சிப்பியையும் 'ஆக்கிரமிப்பு உயிரினம்' என்கிறார்கள். இதில் எல்லா நிபுணர்களும் ஒப்புக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. வந்த புதிதில் கண்டுபிடித்தால் வேரோடு ஒழிக்கலாம். பரவிய பிறகு கண்டுபிடித்தால் காலமெல்லாம் செலவு செய்து கட்டுப்படுத்தத்தான் முடியும், ஒழிக்க முடியாது. ஆகவே யார் முதலில் பார்க்கிறார், அவர் சொன்னது எத்தனை நாளில் கேட்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் நடந்ததைப் பாருங்கள். 1999 மார்ச் மாதக் கடைசியில் அங்கே ஒரு படகுத்துறையில் கறுப்பு வரிச் சிப்பியைக் கண்டார்கள். ஆறு மாதம் முன்பு நடத்திய ஆய்வில் அது அங்கே இல்லை. உடனே மூன்று படகுத்துறைகளை மூடினார்கள். குளோரினும் மயில்துத்தமும் கொட்டினார்கள். சில வாரங்களில் அந்தச் சிப்பி அடியோடு ஒழிந்தது. அந்தத் துறைகளுக்கு மதகு இருந்ததால் நீரை அடைத்து மருந்து போட முடிந்தது என்பது உண்மை. மருந்தில் மற்ற உயிர்களும் செத்தன என்பதும் உண்மை. ஆனாலும் ஆறு மாத இடைவெளிக்குள் பார்த்துவிட்டார்கள். அதனால்தான் கடல் தப்பியது.

இப்போது நம் எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். அங்கிருந்து வடக்கே பழவேற்காடு ஏரி வரை ஒரே நீர்ப்பரப்பு. இந்த ஆற்றின் அடியில் இன்று கம்பளம் விரித்தது போலப் படர்ந்து கிடக்கிறது ஒரு கறுப்புச் சிப்பி. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கடலோரம்தான் அதன் பூர்வீகம். அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. கப்பல்கள் எடை சமநிலைக்காக ஒரு துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு இன்னொரு துறைமுகத்தில் இறக்கிவிடும் பேலஸ்ட் நீரிலோ, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டோ இவ்வகைச் சிப்பிகள் உலகம் சுற்றுகின்றன. எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகமும் இருக்கின்றன.

இந்தச் சிப்பிக்கு மீனவர்கள் வைத்த பெயர் 'காக்கா ஆழி'. ஆற்றில் இறங்குகிறவர்கள் அதைப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த பச்சை ஆழியிலிருந்து அதைப் பிரித்தறிந்து, ஒரு பெயரும் சூட்டினார்கள். இன்று செய்தித்தாள்களிலும் பசுமைத் தீர்ப்பாயத்தின் வழக்கிலும் அந்தப் பெயர்தான் புழங்குகிறது. ஒரு உயிரினத்தைக் கவனித்து, மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தி, பெயரிடுவதைப் பல்கலைக்கழகத்தில் செய்தால் வகைப்பாட்டியல் என்கிறோம். ஆற்றில் நின்று செய்தால் 'மீனவர்களின் புகார்' என்கிறோம்.

அந்தப் புகாரில் என்ன இருந்தது என்று பாருங்கள். இறால் சேற்றுக்குள் புதைந்து ஒதுங்கும் பிராணி. ஆற்றின் அடியைச் சிப்பி மூடிவிட்டால் அதற்குப் புதைய இடமில்லை. காலங்காலமாகக் கிடைத்த மஞ்சள் மட்டி அந்தக் கம்பளத்துக்கு அடியில் மூச்சு முட்டிச் சாகிறது. வலை கிழிகிறது. ஆற்றில் இறங்கினால் கால் அறுபடுகிறது. இதைவிடத் துல்லியமான கள அறிக்கையை எந்த ஆய்வு நிறுவனம் கொடுத்துவிடும்? கேரளத்தின் அஷ்டமுடி உள்ளிட்ட காயல்களில் இதே சிப்பி பரவியதை விஞ்ஞானிகள் எண்ணூர் செய்தியாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதிவிட்டார்கள். எச்சரிக்கை மேற்குக் கடற்கரையிலிருந்து வந்துவிட்டது. கண்கள் கிழக்குக் கடற்கரையில் இருந்தன. இரண்டையும் இணைக்கும் ஏற்பாடுதான் இல்லை. மக்கள் மனு மேல் மனு கொடுத்து, விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போன பிறகுதான் அரசு எந்திரம் அசைந்தது. அதற்குள் ஒழிக்கும் கட்டம் தாண்டிவிட்டது.

இதே அரசு எந்திரம் வேறு இடத்தில் வேகமாக ஓடியதையும் பார்த்திருக்கிறோம். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துப் பரப்பினார்கள். 2020இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது, தமிழ்நாட்டுக்கும் பரவியது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியைக் கொண்டுவந்து 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். இவை நல்ல வேலைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. மரவள்ளி பிழைத்ததால் கிழங்கு பிடுங்கும் கூலிக்காரருக்கும் வேலை பிழைத்தது.

ஆனால் ஏன் அங்கே இரண்டே ஆண்டில் கண்டம் தாண்டிப் போய்க் குளவி கொண்டுவர முடிந்தது? பயிருக்குப் பட்டா இருக்கிறது. பட்டாவுக்கு ஒரு விவசாயி இருக்கிறார். அவருக்கு வேளாண்மைத் துறை, பல்கலைக்கழகம், சங்கம், ஏக்கருக்கு இத்தனை ரூபாய் நட்டம் என்கிற கணக்கு எல்லாம் இருக்கின்றன. ஆற்றின் அடிச்சேற்றுக்குப் பட்டா கிடையாது. அதில் கைவிட்டுப் பிழைக்கிறவருக்குச் சாகுபடிச் சான்று கிடையாது. ஆகவே அவருடைய நட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நிலமின்மை என்பது வருமானப் பிரச்சினை மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிலமில்லாதவர் சொல்லும் சேதம் சேதமாகவே எண்ணப்படாது என்பதும் அதற்குள் அடக்கம்.

இன்னும் ஒரு படி கீழே இறங்க வேண்டும். 'மீனவர்கள்' என்று மொத்தமாகச் சொன்னால் சாதி மறைந்துபோகிறது. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர்க்கட்டு முறை வைத்துப் பங்கிடுவது. அந்த உரிமை மரபாகப் பட்டினவர் சமூகத்துக்கே உரியது. தலித் மீனவர்களும் பழங்குடி இருளர்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். வலை போட இடம் மறுக்கப்பட்டவர்களுக்குக் கையே கருவி. இருளர் பெண்கள் நீருக்குள் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஆற்றின் அடியில் என்ன மாறினாலும் அந்த விரல்களுக்குத்தான் முதலில் தெரியும். படகில் இருப்பவருக்கு வலை கிழிந்த பிறகு தெரியும். துறைமுக அதிகாரிக்கு வழக்கு வந்த பிறகு தெரியும். மனு எழுதப்படும் ஊர்ப் பஞ்சாயத்தில் அந்தப் பெண்களுக்கு இடம் இருக்கிறதா? சூழலியல் இயக்கங்கள் கூட்டம் போடும்போது மேடையில் நாற்காலி இருக்கிறதா? நம் தோழமை இயக்கங்களிடமும் இதைக் கேட்டாக வேண்டும்.

சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு கோபால் குருவின் 2002ஆம் ஆண்டுக் கட்டுரை நினைவுக்கு வரும். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்வது மேல்சாதி வேலையாகவும், தரவு கொடுப்பது ஒடுக்கப்பட்டவர் வேலையாகவும் பிரிந்து கிடப்பதை அவர் அதில் விமர்சித்தார். எண்ணூரில் நிலைமை அதைவிட மோசம். இங்கே நம் மக்கள் கொடுக்கும் தரவைத் தரவு என்றே ஏற்பதில்லை.

பொதுமக்கள் புகார் தெரிவிக்க இப்போது செயலிகள் வந்திருக்கின்றன. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் படம், இடம், நாள் மூன்றையும் போட்டால் உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் நிபுணரும் அடையாளம் சொல்லலாம். நல்ல கருவிதான், பயன்படுத்துங்கள். ஆனால் நீருக்குள் பறியைப் பல்லில் கடித்து நிற்கிறவரிடம் போனைத் தூக்கிப் படம் எடு என்று சொல்ல முடியாது. களை பறிக்கும் பெண் பார்த்தீனியத்தால் கை அரிக்கிறது என்று சொன்னால் 'தோல் வியாதி' என்று களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஊருக்குள் ஒரு புதுச் செடி வந்து கூலிக்காரர்களின் கையைப் புண்ணாக்குகிறது என்ற செய்தி அந்த மருந்துச் சீட்டோடு முடிந்துவிடுகிறது. சொல்கிறவரின் மொழியிலும் நேரத்திலும், அவருக்குத் தெரிந்த பெயரிலும் பதிவு செய்கிற ஏற்பாடு வேண்டும்.

சட்டத்தில் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் நகராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். 2004ஆம் ஆண்டு விதிகள் தலைவர் நீங்கலாக ஆறு உறுப்பினர்கள் வரை நியமிக்கச் சொல்லி, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், 18 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் என்று வைத்தன. ஆறில் 18 விழுக்காடு என்றால் ஓர் ஆள். 2023இல் சட்டமே திருத்தப்பட்டது. எண்ணிக்கை எப்படி மாறினாலும் நம் கேள்வி ஒன்றுதான். உங்கள் ஊரில் அந்தக் குழு காகிதத்திலாவது இருக்கிறதா? அந்த 'ஓர் ஆள்' யார்? தனக்கு அப்படி ஒரு பதவி இருப்பது அவருக்குத் தெரியுமா?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் நமக்குப் பழக்கமான சொல். கூவம் கரையிலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் நம் மக்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் துரத்தியபோது காகிதத்தில் எழுதிய சொல் அதுதான். செடிக்கும் சிப்பிக்கும் அதே சொல்லைப் போடும் துறைகள், அகற்றும்போதும் அதே போல யாரையும் கேட்காமல் அகற்றக் கூடாது. இராமநாதபுரத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டு அடுப்பெரிக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த மரம் நிலத்துக்குச் செய்த கேட்டை நான் மறுக்கவில்லை. 2017இல் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டி ஊர் ஊராக மரத்தை வெட்டியபோது, கரி சுடுகிறவரின் அடுத்த வேலை என்ன என்ற கேள்வி எத்தனை இடத்தில் எழுந்தது? எண்ணூரிலும் சிப்பியை அகற்றும் பணி நடக்கும்போது, அந்த வேலையும் கூலியும் பாதுகாப்புக் காலணியும் ஆற்றில் பிழைப்பை இழந்தவர்களுக்கே முதலில் சேர வேண்டும். ஒப்பந்தக்காரர் ஜேசிபியோடு வந்து பில் போட்டுவிட்டுப் போகும் வேலையாக அது ஆகிவிடக் கூடாது. கப்பல்கள் கொண்டுவந்து விட்ட கேட்டுக்குச் செலவு செய்ய வேண்டியது துறைமுகமும் அரசும்தான்.

ஆகவே மாணவத் தோழர்களிடம் சில வேலைகளைக் கேட்கிறேன். உங்கள் சேரியில், குப்பத்தில், காலனியில் நூறு நாள் வேலைக்கும் களைவெட்டுக்கும் இறால் தடவவும் போகிறவர்களோடு உட்காருங்கள். கடந்த ஐந்து வருடத்தில் புதிதாக வந்த செடி, பூச்சி, மீன், சிப்பி எது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள், பார்த்த இடத்தையும் மாதத்தையும் குறியுங்கள், படம் எடுங்கள். சொன்னவர் விரும்பினால் அவர் பெயரையும் போடுங்கள், அந்த அறிவு அவருடையது. பிறகு உங்கள் கல்லூரித் தாவரவியல், விலங்கியல் துறையில் கொண்டுபோய் அடையாளம் கேளுங்கள். பல்லுயிர்க் குழு உறுப்பினர் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவது எதுவோ அதில் அந்தப் பட்டியலை வாசித்து, தீர்மானமாக எழுத வையுங்கள். வாசிப்பது நீங்களாக இருக்க வேண்டாம். முதலில் பார்த்தவரே எழுந்து நின்று சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், 'எங்களுக்கு யாரும் சொல்லவில்லை' என்று பிறகு எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

ஜெய் பீம்.