மிக்ஸி பிளக்கிலிருந்து வெளிச்சம்

முன்னாடியே சொல்லிடறேன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன், முதல் வருஷ எலக்ட்ரிகல் பேப்பரை அரியர் வெச்சு எழுதினவன். தப்பிருந்தா எலக்ட்ரிகல் மக்கள் தாராளமா குட்டலாம்.

போன மாசம் கொல்லிமலை, செம்மேட்டுப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா, காபி கொடுக்கறதுக்கு முன்னாடியே புது மாடுலர் கிச்சனைக் காட்டினாங்க. மேல் அலமாரிக்கு அடியில நீளமா எல்ஈடி பட்டை. காய் நறுக்கும்போது நம்ம தலை நிழலே விழாது. நல்ல ஏற்பாடுதான்.

"ஈரத்துணியில தொடைச்சா மட்டும் சுர்ருங்குது கண்ணு" என்றார் அத்தை, ஏதோ காபியில சர்க்கரை கம்மின்னு சொல்ற மாதிரி.

டெஸ்டரை வெச்சேன். எரிஞ்சது. பட்டை நேரடி 230 வோல்ட். மிக்ஸி பிளக்கிலிருந்து ரெண்டு கோர் வயர், எர்த் கிடையாது. டைல்ஸுக்குப் பின்னாடி குழாய் இல்லாமப் புதைச்சு, அடுப்பு ஆவி படுற இடத்துல இன்சுலேஷன் டேப் சுத்தின ஜாயின்ட்.

எல்லாரும் உடனே வயர்மேனைத் திட்டுவோம். நான் திட்ட மாட்டேன். பிளைவுட், லேமினேட்னு லட்சத்துல செலவு பண்ணிட்டு, "இருக்கிற பிளக்லயே கொடுத்துடுங்க"ன்னு சொன்னது மாமா. வயரிங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 732. விளக்கு சர்க்யூட் தனி, பவர் சர்க்யூட் தனின்னு நம்ம ஊர் விதியே சொல்லுது. அமெரிக்காவுல சமையல் மேடை பிளக்குகளுக்குப் போற 20 ஆம்பியர் சர்க்யூட்ல அலமாரி விளக்கைச் சேர்க்கவே கூடாது. வளையுற வயரைச் சுவருக்குள்ள புதைக்கவும் கூடாது. அத்தை வீட்டுல ரெண்டும் நடந்திருக்கு.

"அதான் எம்சிபி இருக்கேப்பா" என்றார் மாமா. இங்கதான் நம்மாளுங்க எல்லாரும் ஏமாறோம். கொல்லிமலை பாறை மண். எர்த் குழி 30 ஓம் காட்டுதுன்னு வைங்க. எர்த் வயர் ஒழுங்கா போட்டிருந்தாலும், கசிவு வந்தா ஓடுறது 230 வகுத்தல் 30, ஏழரை ஆம்பியர் சொச்சம். (ஏழரைன்னு வந்தது தற்செயல்தான்.) 16 ஆம்பியர் எம்சிபி இதுக்கு அசையாது. அது காப்பாத்துறது வயரை, அத்தையை இல்லை. ஆளைக் காப்பாத்த 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இறங்குற ஆர்சிசிபி வேணும். மத்திய மின்சார ஆணையம் 2023-ல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இதுக்குத் தனி விதியே இருக்கு. அமெரிக்காக்காரன் சமையலறை பிளக்குக்கு ஐந்து மில்லி ஆம்பியர்லயே துண்டிக்கிறான். என்னைக் கேட்டா, ஆர்சிசிபி இல்லாத வீட்டுல அலங்கார விளக்கே போடக்கூடாது. முதல்ல அது, மிச்சக் காசுல பட்டை.

அதே வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டோம். நல்ல மனுஷர். "கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேனுங்களே" என்றார். விளக்கு சர்க்யூட்டிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் மூணு, குழாய்க்குள்ள. அலமாரி உச்சியில, அடுப்புச் சூடு படாத இடத்துல 12 வோல்ட் டிரைவர். 24 வாட் பட்டைக்கு ரெண்டு ஆம்பியர் போதும், ஈரக்கையோட தொட்டாலும் 12 வோல்ட்தான். போர்டுல ஆர்சிசிபி. அதுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆச்சு, மாமா முகம் சுண்டிப்போச்சு.

போன வாரம் மழை ராத்திரி மாமாகிட்டேருந்து போன். "உன் டப்பா சும்மா சும்மா விழுகுது, நேரா கொடுத்துடச் சொல்லட்டா?" வேண்டாம் மாமா, ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்கன்னு போன்லயே அரை மணி நேரம் கெஞ்சினேன். கிணத்து மோட்டாரை மெயின்ல ஆஃப் பண்ணதும் நின்னுடுச்சு. மறுநாள் பார்த்தா அங்கேயும் ஒரு டேப் ஜாயின்ட், தண்ணி புகுந்து ஊறிக் கிடந்திருக்கு. தினமும் காலையில அந்த ஸ்விட்ச்சைப் போடறது அத்தைதான்.