தேசிங்கு என்ற பெயரைத் திருத்த வராதீர்கள்

எங்கள் பக்கத்தில் தேசிங்கு என்ற பெயர் கிழவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. அனந்தபுரம், செஞ்சி, மேல்மலையனூர் என்று எந்தப் பக்கம் போனாலும் அறுபதைத் தாண்டிய ஒரு தேசிங்குவையோ, ஒரு தேசிங்குராஜனையோ பார்க்கலாம். டீக்கடை பெஞ்சில் இருப்பார், ரேஷன் கடை வரிசையில் நிற்பார். பத்து வயதில் ஒரு தேசிங்குவைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இரண்டு கூட்டம் இந்தப் பெயரைத் துரத்துகிறது. ஒரு கூட்டம், "அது வடநாட்டான் பெயர், தமிழனுக்கு எதற்கு?" என்கிறது. இன்னொரு கூட்டம், "அது தேஜ் சிங் என்பதன் கொச்சை. வைப்பதானால் தேஜ் என்றே வையுங்களேன், ஸ்டைலாகவும் இருக்கும்" என்கிறது. முதல் கூட்டம் மேடையில் பேசுகிறது, இரண்டாவது கூட்டம் செல்போனில் தேடுகிறது. எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தாலும் இரண்டும் மிதிப்பது ஒரே பெயரைத்தான்.

முதலில் சரித்திரம். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, ஔரங்கசீப்பின் படை 1690இலிருந்து கோட்டையைச் சுற்றி உட்கார்ந்தது. எட்டு வருஷ முற்றுகை. 1698இல் சுல்பிகார் கான் கோட்டையைப் பிடிப்பதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். அதற்குப் பின் முகலாயர்கள் இங்கே கோட்டைத் தலைவனாக வைத்த ஆள்தான் சொரூப் சிங். புந்தேல்கண்டைச் சேர்ந்த இராசபுத்திரர். அவர் மகன் தேஜ் சிங். தகப்பன் இறந்தபின் மகன் கோட்டையை ஏற்றான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கி கப்பத்தைக் கேட்டார். பையன் தரமாட்டேன் என்றான். 1714 அக்டோபர் 3ஆம் தேதி சண்டையில் செத்துப்போனான். வயது இருபத்திரண்டு என்பார்கள். ஒரு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை.

ஏரி வெட்டினானா? கோயில் கட்டினானா? இல்லை, நேரம் ஏது? கோட்டையையும் அவன் கட்டவில்லை. அதற்கு முன்னே ஆனந்தக் கோன் பேச்சு இருக்கிறது, நாயக்கர்கள் இருக்கிறார்கள், பீஜப்பூர்க்காரர்கள் இருக்கிறார்கள். "தேசிங்குராஜன் கோட்டை" என்று பஸ்ஸில் சொல்கிறவரைத் திருத்துவதானால் தாராளமாகத் திருத்துங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை பெயரைப் பற்றியது.

தேஜ் சிங் செஞ்சியில் செத்தான். தேசிங்கு செஞ்சியில் பிறந்தான். இதுதான் நான் சொல்ல வந்தது. முன்னவன் நவாப் வீட்டுக் கணக்கில் ஒரு பாக்கிதாரன். பின்னவனை உண்டாக்கியது நம் ஊர்க் கதைப்பாட்டுக்காரர்கள். டில்லியில் அடங்காத குதிரையை அடக்கிய பையன், சிங்கவரம் ரங்கநாதரிடம் போருக்கு உத்தரவு கேட்டு, அவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் குதிரை ஏறியவன். சிங்கவரம் குடைவரையில் அந்தப் பெருமாள் முகம் திரும்பியபடி இருப்பதை இன்றைக்கும் காட்டிச் சொல்வார்கள். பல்லவர் காலத்துச் சிலை இவனுக்காக எப்படித் திரும்பும் என்று கேட்கலாம். கேட்கிறவர் கேட்டுக்கொள்ளட்டும். பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதைப் புத்தகத்தை மடியில் வைத்து ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்ட தலைமுறை அப்படிக் கேட்கவில்லை. அந்தத் தலைமுறைதான் பிள்ளைகளுக்குத் தேசிங்கு என்று பெயர் வைத்தது. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து ராஜா தேசிங்கு படமும் வந்தது. அதைப் பார்த்துத்தான் பெயரே வந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். 1960க்கு முன் பிறந்த தேசிங்குகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களிடமே கேளுங்கள்.

இனி "கொச்சை" என்பவர்களுக்கு. தேஜ், சிங் என்று இரண்டு சொல். முன்னதன் கடைசியில் ஜ, பின்னதன் முதலில் ச. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரையும். ங் என்று மொட்டையாக ஒரு சொல்லை முடிப்பது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லை, ஒரு "கு" சேர்த்து முடித்துக்கொள்ளும். சங்கு, பங்கு, நுங்கு போல. தேசிங்கு வந்துவிட்டது. வடசொல்லைத் தமிழ் ஓசைக்கு மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. அதைப் பண்டிதர் செய்தால் இலக்கணம், செஞ்சிக் குடியானவன் செய்தால் கொச்சையா? கம்பர் லட்சுமணனை இலக்குவன் ஆக்கினார், விபீஷணனை வீடணன் ஆக்கினார். போய்த் திருத்துங்களேன்.

தேஜஸ் என்பதைத் தமிழ் "தேசு" என்று எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. மார்கழியில் திருப்பாவை சொல்கிறவர்கள் ஏழாம் பாட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே வரும் தேசம், நாடு அல்ல, ஒளி. ஆகவே தேசிங்கு என்றால் "தேசத்தின் சிங்கம்" என்று மைக்கில் முழங்குகிறவர்களும் கொஞ்சம் நிதானிக்கலாம். ஒளியும் சிங்கமும் சேர்ந்த பெயர், அவ்வளவுதான். அதுவே போதுமான அழகு.

அவனுடைய சிநேகிதன் பெயர் இன்னும் ருசியானது. மகபத் கான் என்ற முஸ்லிம் வீரன். கல்யாணத்தை விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடிவந்து கூடவே செத்தவன் என்று கதை. கதைப்பாட்டில் அவன் மோவுத்துக்காரன். "கான்" நம் ஊர் வாயில் "காரன்" ஆகிவிட்டது, பால்காரன், வண்டிக்காரன் மாதிரி. நீலாம்பூண்டியில் அவன் சமாதி இருக்கிறது. ஒரு ராசபுத்திரனையும் ஒரு கானையும் இந்த மண் தன் பிள்ளைகள் மாதிரி பெயர் மாற்றிக் கூப்பிட்டிருக்கிறது. அந்நியன் என்று நினைத்திருந்தால் யாரும் அந்தச் சிரமம் எடுத்திருக்கமாட்டார்கள்.

"வடநாட்டான் பெயர்" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் மாவட்டத்துக் கிறிஸ்தவ ஊர்களில் சூசை இருக்கிறார், சவேரியார் இருக்கிறார். சூசை, யோசேப்பு; போர்ச்சுகீசியர் கொண்டுவந்த பெயர். அவரைப் பார்த்து யாராவது நீ பாலஸ்தீனத்துக்காரன் என்று சொல்வோமா? வீட்டில் பேரனுக்கு ரிதேஷ், தர்ஷித் என்று வைத்துவிட்டு, வெளியே வந்து தேசிங்குவை வடநாட்டுப் பெயர் என்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

கோட்டைக்கு வைத்த பெயர்களையும் பாருங்கள். பீஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்று வைத்தார்கள். முகலாயர்கள் நஸ்ரத்கட் என்று வைத்தார்கள். அரசாணை போட்டு, முத்திரை குத்தி வைத்த பெயர்கள். எதாவது ஒன்று மிஞ்சியதா? செஞ்சி செஞ்சியாகவே இருக்கிறது. யாரும் உத்தரவு போடாமல் ஜனங்களே வைத்துக்கொண்ட தேசிங்குதான் முந்நூறு வருஷம் தாண்டி நிற்கிறது.

அவன் மனைவி உடன்கட்டை ஏறியதையும், அவள் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயர் வைத்தார் என்று சொல்வதையும் சிலர் பெருமையாகப் பேசுவார்கள். ஒரு சின்னப் பெண் நெருப்பில் விழுந்ததில் எனக்குப் பெருமை ஒன்றும் தெரியவில்லை. பெயரை விரும்புகிறேன் என்பதற்காகக் கதை முழுவதையும் தலையில் வைத்துக்கொண்டு ஆடவேண்டியதில்லை.

பேரன் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பெயரன். பாட்டன் பெயரைச் சுமக்கிறவன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் வீட்டில் ராஜா, தம்பி என்று ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவாள், பள்ளிக்கூடப் பதிவேட்டில் தேசிங்கு என்று இருக்கும். அந்த ஏற்பாட்டினால்தான் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை இந்தப் பெயர் தாண்டித் தாண்டி வந்தது. சமீபத்தில் தெரிந்த வீடு ஒன்றில், தாத்தா பெயரை வைக்கலாமே என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். ஜோசியர் "த"வில் ஆரம்பிக்கும் எழுத்துத்தான் கொடுத்திருந்தார், பொருத்தத்துக்கும் தடையில்லை. பையனின் அப்பா சிரித்துக்கொண்டு, "பழைய பெயர் சார், ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க" என்றார். தாத்தா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுபத்தைந்து வருஷமாகச் சுமந்த பெயர் அது. தலையைக் குனிந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார், ஒன்றும் பேசவில்லை. கிண்டல் செய்வார்களாம். பையன்கள் எந்தப் பெயரைத்தான் கிண்டல் செய்யாமல் விட்டார்கள்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியிருக்கிறது. பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். நல்லது, சந்தோஷம். வெளியூர்க்காரர்கள் நிறைய வருவார்கள், புதுப் பலகைகள் வரும். பலகை எழுதுகிற அதிகாரிகள் தேஜ் சிங் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, தேசிங்குவை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடவேண்டாம். தமிழில் எழுதும் இடத்தில் தேசிங்கு என்றே எழுதுங்கள்.

இன்னொரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தேசிங்கு என்ற பெயருள்ளவர்களுக்கு ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பட்டாவில் ஒன்று, பேங்க் பாஸ்புக்கில் ஒன்று. கடைசியில் எச் சேர்த்து தேசிங் என்று சிலர், தொடக்கத்தில் டி எச் போட்டுச் சிலர். முதியோர் பென்ஷன் கேட்டு அலைந்து, பெயர் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். "பேசாமல் பெயரை மாற்றிக்கொள்ளுங்களேன் பெரியவரே" என்று கவுன்டரில் சொன்னார்களாம். மாற்றவேண்டியது பெயரை அல்ல, ஸ்பெல்லிங்கை. டி, இ, எஸ், ஐ, என், ஜி, யு. ஏழே எழுத்து. எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லி, திருத்த மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் காகிதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.