ஓடுகிற நீருக்கும் தோஷம் உண்டு

குற்றாலத்தை அடுத்த இலஞ்சியைப் போன்ற சிறிய ஊரின் சாக்கடை சிற்றாற்றை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், கடைசியில் ‘ஓடுகிற நீருக்குத் தோஷமில்லை’ என்ற பழைய வாக்கையே அரணாகப் பற்றிக்கொள்கிறார்கள். அந்த வாக்கில் பாதி உண்மை இருக்கிறது. நம்மை இத்தனை காலம் ஏமாற்றி வந்ததும் அந்தப் பாதிதான்.

நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன என்பது வாஸ்தவம். ஆனால் நம் வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்றுநீரில் அந்த வாயு ஏறக்குறைய 8 மில்லிகிராமே நிற்கும். ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரோ 200 மில்லிகிராமுக்கு மேலும் கேட்கும். ஒரு குடம் சாக்கடையைச் சீரணிக்க இருபத்தைந்து, முப்பது குடம் நல்ல நீர் தன் மூச்சு முழுவதையும் தானம் செய்தாக வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் சிற்றாறு அதைச் செய்யும். பங்குனி, சித்திரையில் மணலும் பாறையுமாகக் கிடக்கும்போது எதைக் கொண்டு செய்யும்? இங்கிலாந்தின் ராயல் கமிஷன் 1912-இல், சுத்திகரித்து வரும் கழிவுநீருக்கே எட்டு மடங்கு ஆற்றுநீர் துணையாக வேண்டும் என்று அளவு வகுத்தது. நாம் சுத்திகரிக்காததையே விட்டுக்கொண்டிருக்கிறோம்.

குற்றால மலையின் மூலிகைச் சாரமும் அருவியின் வேகமும் எல்லா அசுத்தத்தையும் போக்கிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. பாறையில் மோதிச் சிதறும் நீர் காற்றை வாங்கிக்கொள்வது மெய்யே. ஆயினும் அருவி ஊருக்கு மேலே இருக்கிறது, சாக்கடையோ அருவிக்குக் கீழே, ஆறு சமதளத்தில் இறங்கி அணைக்கட்டுக்கு அணைக்கட்டு தேங்கத் தொடங்கிய பிறகு அல்லவா வந்து சேர்கிறது!

ஒரு பங்குனிக் காலையில் வாய்க்காலோரம் நின்று பார்த்தேன். மதிலுக்கு வெளியே நீண்டிருந்த குழாயின் வாயில் சாம்பல் நிற வழும்பு தொங்கியது. அடியில் கறுத்திருந்த சேற்றைக் குச்சியால் கிளறியதும் குமிழிகள் கிளம்பி அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது. பிராணவாயு அற்றுப்போன நீரின் லட்சணம் அது. பத்தடி தள்ளிப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஆச்சியிடம் சொன்னேன். “ஓடுத தண்ணிதானய்யா” என்றார்கள்.

அந்தக் குழாய் ஒரு செப்டிக் டேங்கிலிருந்து வந்தது. டேங்க் கட்டிவிட்டோம், கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்களே அதிகம். அது கனத்த கசடைக் கீழே படியவைக்குமே தவிர, வெளியேறும் நீரின் அழுக்கில் பெரும்பகுதியும் நோய்க்கிருமிகளும் அப்படியே இருக்கும். அதை மண்ணுக்குள் உறிஞ்சுகுழியில் விடுவதே முறை. வாய்க்காலில் விட்டால் அது சாக்கடையேதான்.

ஆலைகள் இல்லாத ஊர் என்று சொல்வோருக்கு நீண்ட பதில் தேவையில்லை: காலராவும் டைபாய்டும் மனிதக் குடலிலிருந்து வருகின்றன. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்த நதியின் நீரைக் குழாய்வழிக் குடிப்பவர்கள் தூத்துக்குடி வரை இருக்கிறார்கள்.

சுத்திகரிப்புக்குப் பெரும் யந்திரமும் மின்சாரமும் வேண்டும், பேரூராட்சிக்கு அது கட்டுப்படியாகாது என்ற வாதமும் நிற்காது. கர்நாடகத்துத் தேவனஹள்ளியில் 2015 முதல் செப்டிக் டேங்க் கசடை மின்சாரமின்றிச் சுத்திகரிக்கும் நிலையம் இயங்கிவருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி இலஞ்சியைப் போலொரு பேரூராட்சிதான். அங்கே அமைந்த நிலையம் பக்கத்து மதுராந்தகத்தின் கசடையும் ஏற்கிறது. கழிவுநீருக்கோ, சூரிய ஒளியில் பாசி வளர்ந்து வாயுவை ஊட்ட, நாள்கணக்கில் நீரைத் தேக்கித் தெளியவைக்கும் ஆழமற்ற குளங்களே போதும். இலஞ்சி என்ற சொல்லுக்கே குளம் என்று பொருள். அந்தப் பெயர் கொண்ட ஊர் இதற்காக ஒரு குளம் வெட்டத் தயங்கலாமா? குளத்துக்கு அரசு வரவேண்டும். ஆனால் வாய்க்காலுக்குள் நீட்டிய குழாயைத் திருப்பி, கிணற்றிலிருந்து எட்டத் தள்ளி ஓர் உறிஞ்சுகுழி வெட்டுவதற்கு ஒரு கொத்தனாரும் இரண்டு நாள் வேலையும் போதும்.