சும்மா கிடைத்த யானை

பரண்மேல் தூங்கும் பழைய கம்ப்யூட்டரை ரௌட்டராக்கி, வீட்டுக்கெல்லாம் இன்டர்நெட் தருகிறேன் என்று உங்கள் பிள்ளையாண்டான் கிளம்பியிருக்கிறானா? நடக்காத காரியமல்ல. ‘ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.’ என்ற மென்பொருள் இலவசம். கேபிள் செருக இரண்டு துவாரங்கள் வேண்டும். ஒன்றுதான் இருந்தால் இன்னொன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

ஆனால், மின்சார மீட்டரைக் கேட்டீர்களோ? ரௌட்டர் இரவு பகல் ஓயாமல் ஓட வேண்டிய சாமான் அல்லவா? 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் இரண்டு மாதத்தில் 86 யூனிட் விழுங்கும். 10 வாட் ரௌட்டருக்கோ 14 யூனிட் போதும்.

பையனின் உற்சாகத்தைக் கெடுக்காதீர்கள். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். பிறகு பில்லை அவன் கையிலேயே கொடுங்கள். யானை சும்மா கிடைத்தாலும் தீனி நாம்தானே போட வேண்டும்!