கைவிட்ட கித்தார்

பள்ளிநாளிற் பயின்று, பின் தேர்வுகளின் பொருட்டுக் கைவிட்ட கித்தாரை மீண்டும் எடுப்போர் நம்மிடைப் பலர். அன்னோர் முதற்பாடத்தினின்றே தொடங்குதல் வேண்டும் என்பாருடன் யாம் உடன்படோம். விரல்நுனிக் காய்ப்பு மறைந்திருக்கும். சில கிழமைகளில் அது மீளும். கார்டு எனப்படும் விரற்பிடிகளையும் கை எளிதில் மறப்பதில்லை. இடர் வேறிடத்துளது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பல இசை கேட்டுச் செவி வளர்ந்துவிடுகின்றது. விரல்களோ நின்றவிடத்தே நிற்கின்றன. தம் வாசிப்புத் தமக்கே கசத்தலால் பாட்டை விரைந்து முடித்துவிடுகின்றனர். விரைவு வழுவை மறைக்குமேயன்றித் திருத்தாது.

வழுவும் பெரும்பாலும் பிடியில் அன்று, ஒரு பிடியினின்று மற்றொன்றிற்கு மாறுமிடத்தே நிகழ்வது. ‘சி’ பிடியினின்று ‘எப்’ பிடிக்குச் செல்வாரைக் காண்க. சுட்டுவிரல் ஆறு தந்திகளையும் ஒருங்கே அழுத்தவேண்டிய அக்கணத்தில் தாளம் நின்றுவிடும். அவ்விரண்டினை மட்டும் நிமிடத்திற்கு 50 தட்டு வீதம் நாடோறும் மாற்றிப் பழகுவது, பத்துப் பாட்டை அரைகுறையாய் வாசிப்பதினும் நன்று என்பது எம் கருத்து.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் பாட் மார்ட்டினோ, 1980இல் நடந்த மூளை அறுவைக்குப்பின் நினைவாற்றலைப் பெரிதும் இழந்து, தாம் முன்பு பதிந்த இசைத்தட்டுகளைக் கேட்டே கித்தாரை மீளக் கற்று, 1987இல் மேடையேறினார். நம் கையில் கைப்பேசி உளது. வாசித்ததைப் பதிந்து மறுநாட் கேட்பின் தடுமாறுமிடம் தானே புலப்படும். விடுதியில் அண்டையறையார் சிறிது பொறுத்தருள்வாராக.