பனியன் கம்பெனி ஜோடிக்கு வீக் எண்ட் எப்போது?

வீக் எண்ட் என்றால் ஐ.டி.காரர்களுக்கு இரண்டு நாள். திருப்பூரில் அது பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்குத்தான் ஆரம்பிக்கிறது. கணவர் பவர் டேபிள் டெய்லர், மனைவி செக்கிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து, வாரச் சம்பளம் வாங்கி, ரோட்டோரக் கடையில் புரோட்டா சாப்பிட உட்காரும்போது மணி பத்து. அதுதான் அவர்களுக்கு வெளியில் சாப்பாடு!

ஞாயிறு மலைக்குப் போகலாமே என்றால், தூரமில்லை. உடுமலை தாண்டினால் திருமூர்த்தி மலை. 2009-இல் புது மாவட்டம் வந்ததிலிருந்து அதுவும் திருப்பூர்தான். அமணலிங்கேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு மேலே பஞ்சலிங்க அருவிக்கு நடக்கலாம் (கையில் பொரி வேண்டாம், குரங்கு பறித்துவிடும்). ஐப்பசியில் மலை பச்சைப்பசேலென்று இருக்கும். மழை பலமாக இருந்தால் அருவிக்கு விடமாட்டார்கள், கோயிலையே வெள்ளம் சூழ்ந்துகொள்ளும். இன்னும் நேரமிருந்தால் அமராவதி அணை, சுடச்சுடப் பொரித்த மீன்.

நேரம்தான் எங்கே? ஒரு வாரத் துணி அழுக்காகக் கிடக்கும். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஞாயிறும் போச்சு. வாரம் ஒரு நாள் லீவு என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது!

சனிக்கிழமையாவது ஒரு ஷிப்டோடு ஐந்தரைக்கு விடலாம். அரை ஷிப்ட் கூலி போகுமே என்று தொழிலாளியே கேட்பார். நியாயம்தான், வாடகையும் சீட்டும் அதில்தான் ஓடுகிறது. அந்த அரை ஷிப்ட் இல்லாமல் குடும்பம் ஓடாத அளவுக்குக் கூலி இருப்பதுதான் கோளாறு. விலையையும் குறைத்து, தேதியையும் நெருக்குகிற வெளிநாட்டு பையருக்கும் அதில் பங்குண்டு.

தீபாவளி லீவில் போகலாம் என்றால், போனஸை வாங்கிய கையோடு நிறையப் பேர் மதுரை, தேனி பஸ்ஸில் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.